நெய்வேலியில் கடை போடும் முன்: யார் நிலம், எத்தனை வருஷம்?

புதிதாகக் கடை போட இடம் தேடுகிறவரிடம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஆள் நடமாட்டம் பார், பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறதா பார், வண்டி நிறுத்த வசதி பார், வாடகையை அடித்துப் பேசு, வாஸ்து தெரிந்தவரை ஒருமுறை கூட்டிக்கொண்டு போ. பண்ருட்டியிலோ கடலூரிலோ இடம் தேடுகிறவருக்கு இந்த வரிசை ஓரளவு போதும். நெய்வேலியில் போதாது. இங்கே வாடகையும் நடமாட்டமும் மூன்றாவது, நான்காவது கேள்விகளாகத்தான் வர வேண்டும். முதல் கேள்வி, அந்தத் தரை யாருடையது, எத்தனை வருஷம் அது உறுதியாக நம் கையில் இருக்கும் என்பது. இரண்டாவது, அங்கே போடப்போகும் பணத்தில், காலி செய்யும் நாளில் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாத பங்கு எவ்வளவு என்பது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அது நல்ல இடம். பொருந்தாவிட்டால், எவ்வளவு கூட்டம் நடமாடும் வீதியாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம் என்றே சொல்வேன்.

நெய்வேலி என்ற ஊர் உருவான விதத்திலேயே இதற்கான காரணம் இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கரும்பழுப்பாக ஒரு பொருள் வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்.எல்.சி.) தொடங்கப்பட்டு, 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் சோவியத் ஒத்துழைப்போடு முதல் மின் அலகு ஓடத் தொடங்கியது. அனல் மின் நிலையம் ஏன் சுரங்கத்தின் வாசலிலேயே வந்தது? பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதை ரயிலில் ஏற்றி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனால், பாதிக் கூலி தண்ணீரைச் சுமப்பதற்கே போய்விடும். மூலப்பொருள் தயாரிப்பின்போது எடை இழக்குமானால் ஆலை அந்த மூலப்பொருள் கிடைக்கும் இடத்துக்கே போக வேண்டும் என்று ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபர் 1909-லேயே எழுதினார். நெய்வேலி அதற்குப் பாடப்புத்தக உதாரணம். கரியைத் தேடி ஆலை வந்தது, ஆலையைத் தேடி ஊர் வந்தது. வட்டம் வட்டமாக எண் போட்டு, மரம் வைத்து, அகலமான சாலை போட்டு நிறுவனமே கட்டிய ஊர் என்பதால் நகரியத்துக்குள் வீடு, சாலை, பள்ளி, கடை, மைதானம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மண் ஒரே உரிமையாளருடையது. மற்ற ஊர்களில் நகராட்சி செய்யும் வேலையையும் இங்கே நிறுவனத்தின் நகர நிர்வாகம்தான் செய்கிறது.

வியாபாரிக்கு இதனால் என்ன? நிறைய. நகரியத்துக்குள் இருக்கும் கடையை நாம் வாங்க முடியாது. ஒதுக்கீடாகத்தான் பெற முடியும், ஒதுக்கீட்டுக் கடிதத்தில் உள்ள நிபந்தனைப்படிதான் நடத்த முடியும். கட்டடத்தை நம் செலவில் மேம்படுத்தினாலும் அடிமண் நமக்கு வராது. சரி, வாடகைதாரருக்கான சட்டப் பாதுகாப்பாவது இருக்கிறதா என்று பார்த்தால், அங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் அரசுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் சொந்தமான கட்டடங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. அப்படிப்பட்ட கட்டடங்களுக்கு 1971-ம் ஆண்டின் மத்தியப் பொது வளாகங்கள் சட்டம் இருக்கிறது. அதன்படி, ஒதுக்கீட்டுக் காலம் முடிந்த பிறகும் உள்ளே இருப்பவர் அனுமதியற்றவர். எஸ்டேட் அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, வெளியேற்ற உத்தரவு போடலாம். சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அதை நிறுத்த முடியாது. மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடுதான் வழி. இந்தச் சட்டம் மாநில வாடகைச் சட்டங்களுக்கு மேலே நிற்கும் என்று அசோகா மார்க்கெட்டிங் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் அநியாயம் இருப்பதாக நான் வாதாடவில்லை. பொதுச் சொத்தைப் பாதுகாக்க அப்படி ஒரு சட்டம் வேண்டும். ஆனால் கடை எடுக்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். குறைந்த வாடகை, நல்ல சாலை, மாதச் சம்பளம் வாங்கும் வாடிக்கையாளர் என்ற மூன்றையும் பார்த்து மயங்கி, நான்காவதாக உள்ள கால வரம்பைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அப்படியானால் நகரியத்தின் வேலிக்கு வெளியே பட்டா நிலத்தில் கடை எடுத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? அதுவும் இல்லை. நகரியத்தின் ஆர்ச் கேட்டுக்கு எதிரிலும் இந்திரா நகர், வடக்குத்துப் பக்கத்திலும் மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் வரிசை வரிசையாக ஷட்டர் போட்ட கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. அங்கே பெரும்பாலும் நடப்பது பதினோரு மாத ஒப்பந்தம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்க எல்லோரும் பதினொன்றில் நிறுத்துகிறார்கள். உரிமையாளருக்கு அது வசதி. நமக்கு? எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாத கடை வாடகையைப் பதினைந்து நாள் நோட்டீஸில் முடித்துவிடலாம் என்பது 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ம் பிரிவு. நகர்ப்புறங்களுக்கு, மேலே சொன்ன 2019 வாடகைச் சட்டத்திலோ, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருப்பதே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. அதனால் பட்டா நிலம் என்றாலே நிலையான இடம் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டா நிலத்தில் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ போட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த குத்தகைதான் நிலையான இடம். பதிவுச் செலவு, அத்தனை வருஷ வாடகையோடு ஒப்பிட்டால் சிறிய தொகை.

வெளியே இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அது இந்த வட்டாரத்துக்கே உரியது. சுரங்கம் நகர்கிறது. திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நின்று வேலை செய்வதில்லை, கரி எடுத்து முடித்த பக்கத்தை மூடிக்கொண்டே அடுத்த பக்கத்தை வெட்டிக்கொண்டு போகும். வளையமாதேவி, கத்தாழை, கரிவெட்டி என்ற ஊர்ப் பெயர்கள் 2023-ல் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது அதனால்தான். ஜூலை மாதம், வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் சுரங்க விரிவாக்கத்துக்காக இயந்திரங்கள் இறங்கிய படங்களை யாரும் மறந்திருக்க முடியாது. நிலத்தை இழந்த குடும்பங்களின் துயரம் பெரிது, அதைத் தனியாகவே எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது, நிலம் எடுக்கப்படும் ஊரில் வாடகைக்குக் கடை வைத்திருப்பவரைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது. நிலத்துக்கான தொகை உரிமையாளருக்குப் போகும். 2013-ம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டம், மூன்று வருஷமாக அந்த இடத்தையே பிழைப்பாக நம்பியிருக்கும் வாடகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றுதான் வரையறுக்கிறது. ஆனால் மூன்று வருஷம் இருந்தேன் என்பதைக் காட்டக் கையில் காகிதம் வேண்டுமே! பதினோரு மாத முத்திரைத்தாளும் வாய்ப்பேச்சும் அந்த நாளில் எவ்வளவு தூரம் வரும்? வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அடமானமும் விற்பனையும் தெரியும். நில எடுப்புக்கான உத்தேசம் அதில் தெரிந்தே தீரும் என்று நம்பக் கூடாது. சர்வே எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்திலும் நில எடுப்புப் பிரிவிலும் நேராகக் கேட்பதுதான் வழி.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இதில் உணர்ச்சியை விடக் கணக்குதான் தெளிவாகப் பேசும். ஒருவர் பேக்கரி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுப்புக்கான மேடை, புகைபோக்கி, டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, த்ரீ ஃபேஸ் வயரிங், சீலிங் என்று பெயர்த்து எடுக்க முடியாத செலவு மட்டும் 6 லட்சம். ஓரிடத்தில் மாத வாடகை 8,000 ரூபாய், கால உறுதி இல்லை. இன்னோரிடத்தில் வாடகை 15,000 ரூபாய், ஐந்து வருஷப் பதிவுக் குத்தகை. பார்த்தவுடன் எல்லோரும் 8,000 ரூபாய் இடத்தைத்தான் காட்டுவார்கள். அந்த 6 லட்சத்தையும் மாதக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். 15,000 ரூபாய் இடத்தில் அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10,000, ஆக மொத்தம் 25,000. மலிவான இடத்தில் பதினோரு மாதத்தில் காலி செய்ய நேர்ந்தால் மாதத்துக்கு 54,500 ரூபாய்க்கு மேல் தரையிலேயே போய், மொத்தம் 62,500-ஐத் தாண்டுகிறது. இரண்டு வருஷம் இருக்க விட்டால் 33,000. மூன்று வருஷத்துக்கு நெருக்கமாக இருந்தால்தான் இரண்டு இடமும் சமமாகின்றன. அதாவது, மாதம் 7,000 ரூபாய் குறைவு என்று நாம் சந்தோஷப்படும் அந்த இடம், மூன்று வருஷம் உறுதியாகக் கிடைத்தால் மட்டுமே உண்மையில் மலிவு. இதே கணக்கை ஒரு செல்ஃபோன் கடைக்குப் போடுங்கள். பெயர்க்க முடியாத செலவு வெறும் 60,000 ரூபாய் என்றால், 8,000 ரூபாய் இடம் எட்டே மாதத்தில் வென்றுவிடும். ஒரே வீதி, ஒரே ஷட்டர், ஒரே வாடகைதான். ஒரு தொழிலுக்கு அது நல்ல இடம், இன்னொரு தொழிலுக்கு ஆகாத இடம். நல்ல இடம் எது என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமே இல்லாமல் போவது இதனால்தான்.

ஆகவே நகரியத்துக்குள் எந்தத் தொழில், வெளியே எந்தத் தொழில் என்பது ஓரளவு தானாகவே பிரிந்துவிடுகிறது. ரெடிமேடு, புத்தகம், பேன்சி, மருந்து, செல்ஃபோன், மளிகை போல, சரக்கே முதலாக உள்ள கடைகள் உள்ளே தாராளமாக இருக்கலாம். ஒரு வாரத்தில் சரக்கைக் கட்டி எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் திறந்துவிடலாம். தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் முதல் போகும் தொழில்கள் வேறு ரகம். பேக்கரி, லேத் பட்டறை, வண்டி வாட்டர் சர்வீஸ், மாவு மில், குளிர்பதனக் கிடங்கு, ஸ்கேன் மையம், கல்யாண மண்டபம் ஆகியவை பதிவுக் குத்தகையோ சொந்தப் பட்டாவோ இல்லாமல் தொடங்கவே கூடாது. இதை ஏதோ ஏட்டுக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம், இந்த மாவட்டத்திலேயே பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணோடு வெண்களிமண்ணும் வருகிறது. அதை நம்பி எழுந்த பீங்கான் தொழில் சுரங்கத்தின் விளிம்பில் உட்காரவில்லை. சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, விருத்தாசலத்தில் தொழிற்பேட்டையில் போய்ச் சூளை கட்டியது. வெபரின் கணக்குப்படி களிமண் பக்கத்திலேயே இருப்பதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் சூளையைப் பெயர்த்துக்கொண்டு ஓட முடியாது. தொழிற்பேட்டையில் மனை உறுதி, பயிற்சி தரும் பீங்கான் கல்வி நிலையமும் அதே ஊரில், ரயில் சந்திப்பும் பக்கத்தில். மண்ணை லாரியில் கொண்டுவரும் கூலியைக் கொடுத்துவிட்டு நிலையான தரையை வாங்கிக்கொண்ட ஊர் விருத்தாசலம் என்றே நான் பார்க்கிறேன். சுரங்கம் இடம் மாறினாலும் அங்கே சூளைகளை யாரும் இடிக்கச் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் உள்ளேதானே இருக்கிறார், அவரை விட்டுவிட்டு வெளியே போவதா என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாடிக்கையாளரும் நிலையாக உள்ளே இருப்பவர் அல்ல. குவார்ட்டர்ஸ் வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். முப்பது வருஷம் ஒரே வட்டத்தில் குடியிருந்த குடும்பம் வடலூரிலோ இந்திரா நகரிலோ கடலூரிலோ புதுச்சேரியிலோ வீடு கட்டிக்கொண்டு போகிறது. கையில் ஓய்வுக்காலப் பணத்தோடு, பிள்ளைகளின் கல்யாணச் செலவோடு, வீடு கட்டும் செலவோடு இருக்கும் அந்தக் குடும்பம், அதிகம் செலவு செய்யும் வருஷங்களில் வேலிக்கு வெளியே இருக்கிறது! 2001-க்கும் 2011-க்கும் இடையே நெய்வேலி நகரியத்தின் மக்கள் தொகை இருபதாயிரத்துக்கும் மேல் குறைந்து, 1,05,731-ல் வந்து நின்றதாக மக்கள் தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான நகரங்கள் வீங்கிக்கொண்டிருந்த பத்தாண்டு அது. நிரந்தர வேலைகள் குறைந்து ஒப்பந்தத் தொழிலாளர் பங்கு கூடியதும் இதோடு சேர்ந்த விஷயம். ஒப்பந்தத் தொழிலாளர்களில் மிகப் பலர் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து போகிறவர்கள். வேலை விட்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான் சாமான் வாங்குவார்கள். மந்தாரக்குப்பம் கடைவீதியின் பலம் அந்த வழியில் இருப்பதுதான். ஆக, நடமாட்டம் என்பதைக் கூட இன்றைக்கு மட்டும் எண்ணினால் போதாது, பத்து வருஷம் கழித்து அந்த ஜனங்கள் எந்தப் பக்கம் குடியிருப்பார்கள் என்று எண்ண வேண்டும்.

இன்னொரு ஆட்சேபணை, என்.எல்.சி. எங்கே போகப்போகிறது என்பது. நவரத்னா நிறுவனம், 2019-க்கும் 2021-க்கும் இடையே 1,000 மெகாவாட்டில் புது மின் நிலையமே வந்துவிட்டது, பூமிக்கடியில் கரி இன்னும் கிடக்கிறது, நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் என்பார்கள். நிறுவனம் நாளையே மூடப்படும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் நிறுவனம் நிலைப்பது வேறு, ஒரு கடை வாசலுக்கு முன்னால் நடமாட்டம் நிலைப்பது வேறு. 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் ஐம்பத்தெட்டு வருஷம் ஓடி 2020-ல் நின்றது. மின்சாரம் புது நிலையத்திலிருந்து வந்துவிட்டது, நாட்டுக்கு நஷ்டமில்லை. புது நிலையமோ குறைந்த ஆட்களை வைத்தே ஓடுகிறது. நிறுவனத்தின் வளர்ச்சியும் இன்று நெய்வேலியில் மட்டும் நடக்கவில்லை. ஒடிசாவின் தலபிராவில் நிலக்கரிச் சுரங்கம், உத்தரப் பிரதேசத்தின் காட்டம்பூரில் மின் நிலையம், தூத்துக்குடியில் 1,000 மெகாவாட், ராஜஸ்தானின் பர்சிங்சர், ஆங்காங்கே சூரிய மின்சாரம் என்று பரவிக்கொண்டிருக்கிறது. 2016-ல் பெயரே என்.எல்.சி. இந்தியா என்று மாறியது. நிறுவனம் பெருக்கும் பணம் நெய்வேலி மெயின் பஜாருக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இனி இல்லை.

கோலார் தங்கவயலைப் பாருங்கள். நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்துக்குள் இறங்கிய ஊர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சுரங்க நிறுவனத்தின் குடியிருப்புகளையே நம்பியிருந்த தெருக்கள் சோர்ந்துபோயின. ஆயிரக்கணக்கானோர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். ஆனால் ராபர்ட்சன்பேட்டை இன்னும் அந்த ஊரின் கடைவீதியாகவே இருக்கிறது. சுரங்கக் குடியிருப்புகளுக்கு வெளியே, நகராட்சியின் கீழ், சந்தைக்கென்றே அமைந்த பேட்டை அது. சுரங்கத் தொழிலாளரோடு சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் அங்கேதான் வாங்கினார்கள், இன்றும் வாங்குகிறார்கள். இரண்டு வகை ஜனங்களிடம் விற்ற கடைவீதி தப்பியது. நெய்வேலிக்கு ராபர்ட்சன்பேட்டை எது என்று கேட்டால், என் கணிப்பில் வடலூர். வள்ளலாரின் தருமச்சாலையும் சத்திய ஞான சபையும் சுரங்கத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த ஊருக்கு ஆட்களை வரவழைத்தவை. தைப்பூசக் கூட்டம் எந்த மின் நிலையத்தையும் நம்பியில்லை. 2021-ல் நகராட்சியாகவும் ஆகிவிட்டது. சாலைகள் சந்திக்கும் இடம் வேறு. மந்தாரக்குப்பத்துக்கு இன்றைய வியாபாரம் அதிகம் இருக்கலாம். பத்து, பதினைந்து வருஷம் நீடிக்க வேண்டிய முதலீடு என்றால் நான் வடலூர்ப் பக்கம்தான் கையைக் காட்டுவேன்.

மெயின் பஜாரில் நாற்பது, ஐம்பது வருஷமாகக் கடை நடத்திப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை. அவர்களுடைய உழைப்புக்கும் நேர்மைக்கும் எந்தக் குறையும் சொல்ல முடியாது. தீபாவளி போனஸ் நாட்களில் அந்த வீதியின் வியாபாரத்தைப் பார்த்தால் யாருக்கும் அங்கே ஒரு கடை எடுக்க ஆசை வரும். ஆனால் அவர்கள் தொடங்கிய காலம் நகரியம் வளர்ந்துகொண்டிருந்த காலம், சுற்றுவட்டாரத்தில் வேறு கடைவீதி பெரிதாக எழாத காலம். நிலைத்தவர்கள்தான் இன்று நம் கண்ணில் படுகிறார்கள், இடையில் மூடியவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தார்கள்? நிலைத்தவர்களிலும் பெரும்பாலோர் துணி, பாத்திரம், மளிகை, மருந்து என்று சரக்கில் முதல் வைத்தவர்களாகவே தெரிகிறார்கள். அவர்களுடைய வெற்றியை என் வாதத்துக்கு எதிரான சாட்சியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பணம் குறைவாக இருப்பவர் என்ன செய்வது என்பதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. ஐந்து வருஷப் பதிவுக் குத்தகை, கூடுதல் அட்வான்ஸ், பட்டா நிலம் எல்லாம் கையில் காசுள்ளவருக்குத்தானே? நான் சொல்லும் வழி, தொழிலை இரண்டாகப் பிரிப்பது. தயாரிப்பு ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம். அடுப்பும் மெஷினும் கிராம ஊராட்சி எல்லைக்குள் குறைந்த வாடகையில், ஆனால் நீண்ட குத்தகையில் இருக்கட்டும். முகப்பு பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே அங்கு இல்லை. நகரியத்துக்குள்ளோ ஆர்ச் கேட்டிலோ பத்துக்குப் பத்து விற்பனைக் கடை ஒன்று போதும், போனாலும் இழப்பு சிறிது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதம் மானியம் என்றால் கிராமப்புறத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு முறையே 25, 35. எந்த எல்லைக்குள் ஷட்டர் போடுகிறோம் என்பதை வைத்தே மானியம் மாறுகிறது. கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் இடத்தைச் சொல்லி, அது எந்தக் கணக்கில் வரும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வளரும் தொழிலுக்கும் இதே வழிதான். இடம் போதவில்லை என்றவுடன் பெரிய இடத்துக்கு மொத்தமாக மாறுவதை விட, பழைய விற்பனை முகத்தை விடாமல் பின்னணி வேலையை மட்டும் வெளியே கொண்டுபோவது பாதுகாப்பு.

வாடகையில் வரியும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத உரிமையாளரிடம் வணிக இடத்தை வாடகைக்கு எடுக்கும் பதிவுபெற்ற வியாபாரி, 18 சதவீத வரியைத் தானே கட்ட வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் பிறகு விலக்கு வந்தது. உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடிந்தவருக்குப் பிரச்சினை இல்லை. 5 சதவீத வரியில் கழிவு இல்லாமல் நடத்தும் ஓட்டல்காரருக்கு 15,000 ரூபாய் வாடகை உண்மையில் 17,700.

தரையைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை விட முடியாது. 2015 நவம்பரில் ஒரே நாளில் நெய்வேலியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்த மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. கிடங்குக்கு இடம் பார்ப்பவர் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை வந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்கும் பகுதி இது, அதனால் போர்வெல் ஆழத்தையும் பக்கத்துக் கட்டடத்தில் விசாரிக்க வேண்டும். விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலை நான்கு வழியாகும்போது நடுவில் தடுப்பு வரும். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர் எங்கே திரும்புவார் என்பதைத் தெரிந்துகொண்டு சாலையோரக் கடைக்குப் பணம் கொடுங்கள். இவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் இவற்றில் தவறினால் திருத்திக்கொள்ள வழி உண்டு. காலம் உறுதியில்லாத தரையில் 6 லட்சத்தைப் புதைத்தால் திருத்த வழியில்லை.

இதில் வியாபாரிகளை மட்டும் எச்சரித்துவிட்டு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. நகரியத்துக்குள் கடை ஒதுக்கும்போது எத்தனை வருஷம், புதுப்பிக்க என்ன நிபந்தனை, காலி செய்யச் சொன்னால் எவ்வளவு அவகாசம் என்பதை நிறுவனம் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம். சமையல், பட்டறை போன்ற தொழில்களுக்குக் குறைந்தது ஐந்து வருஷ ஒதுக்கீடு என்று ஒரு வகையைத் தனியாக உருவாக்கலாம். மாவட்ட நிர்வாகம், சுரங்க விரிவாக்கத்துக்காகக் குறிக்கப்பட்ட சர்வே எண்களை ஊராட்சி அலுவலகப் பலகைகளில் ஒட்டலாம். வணிகர் சங்கங்கள் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். அது நடக்கும் வரை, நெய்வேலிப் பக்கம் கடை பார்க்கும் நண்பர்களே, உரிமையாளரிடம் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் சர்வே எண்ணைக் கேளுங்கள். ஐந்து வருஷத்துக்குப் பதிவு செய்து தருவீர்களா என்று கேளுங்கள். தயங்குகிறவரிடம் சரக்கை மட்டும் வையுங்கள், அடுப்பைக் கட்டாதீர்கள்.